நினைவு அளவையாகுமா?

ஒரு நிறுவனத்தின் பழைய கணினி அமைப்பு விழுந்துவிட்டால், எப்போது சரியாகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நேரத்தில் அந்த நிறுவனத்துக்கு என்ன தெரியும்? இயந்திரம் நின்றால் வேறு இயந்திரம் வாங்கலாம், பேக்கப்பை ஏற்றலாம், ஆள் வைத்துப் பழுது பார்க்கலாம். ஆனால் யார் எங்கே இருக்கிறார், எந்தச் சரக்கு யாருக்குப் போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் இருபது முப்பது ஆண்டுகளாக அந்த அமைப்பிடமே கேட்டுப் பழகிய நிறுவனம், அது நின்ற அன்று தன்னைப் பற்றியே ஒன்றும் தெரியாமல் நிற்கிறது. பார்த்தால் தொழில்நுட்பச் சிக்கல். உள்ளே போனால், இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கு. நினைவு என்பது அறிவைத் தரும் வழியா, அல்லது வேறு வழியில் வந்த அறிவைப் போட்டுவைக்கும் இடம் மட்டும்தானா?

இந்தக் கேள்வியைக் காற்றில் வைத்துப் பேசுவதைவிட நடந்த இரண்டு சம்பவங்களின் மேல் வைத்துப் பேசுவது நல்லது. இரண்டும் விமானத் துறையில் நடந்தவை. இரண்டும் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடந்தவை.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ பள்ளத்தாக்கில் கடும் பனிப்புயல் வீசியது. சின்சினாட்டியை மையமாகக் கொண்டு, டெல்டா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக இயங்கிவந்தது காம்ஏர். எந்த விமானிகளை, எந்தப் பணியாளர்களை எந்த விமானத்துக்கு அனுப்புவது என்பதை 1980களின் மென்பொருள் ஒன்றுதான் அங்கே அப்போதும் தீர்மானித்துவந்தது. அதில் ஒரு மாதத்துக்குச் சுமார் 32,000 மாற்றங்களுக்கு மேல் பதிய முடியாது. நேர், எதிர் இரண்டையும் குறிக்கும் பதினாறு பிட் எண்ணில் அவ்வளவுதான் அடங்கும். எழுதியவர்களுக்கு அது தாராளமாகத் தோன்றியிருக்கும். பயன்படுத்தியவர்களுக்கோ அப்படி ஓர் எல்லை இருப்பதே தெரியாது. புயலால் மாற்றத்துக்கு மேல் மாற்றம் பதிவாகிக்கொண்டே போக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அமைப்பு நின்றது. மறுநாள் பறக்கவிருந்த 1,100 விமானங்களும் ரத்தாயின. அடுத்த மாதம் நிறுவனத் தலைவர் ராண்டி ராடமேக்கர் பதவி விலகினார்.

இரண்டாவது சம்பவம் இன்னும் பெரியது. தத்துவக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 2022 டிசம்பர் 21 முதல் வீசிய குளிர்காலப் புயல் அமெரிக்காவின் எல்லா விமான நிறுவனங்களையும் தாக்கியது. மற்றவை இரண்டொரு நாளில் எழுந்துகொண்டன. சவுத்வெஸ்ட் மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. அதன் பணியாளர்கள் பலர் தங்கியிருந்து புறப்படும் டென்வரும் சிகாகோ மிட்வேயும் புயலில் சிக்கின. மற்றப் பெரிய நிறுவனங்களைப் போல ஒரு மைய நிலையத்துக்குத் திரும்பித் திரும்பி வராமல், ஊர் விட்டு ஊராக வரிசையாகப் பறப்பது சவுத்வெஸ்ட்டின் வழக்கம். ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் அந்த வரிசையில் பின்னால் வரும் எல்லாமே குலையும்.

குலைந்ததை மறுபடி கோக்க அந்த நிறுவனம் வைத்திருந்த மென்பொருளின் பெயர் ஸ்கைசால்வர். விமானம் ரத்தானால் அதன் பணியாளர்களை வேறு எந்த விமானத்தில் சேர்க்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்வது அதன் வேலை. இப்போது நடப்பதையும் இனி நடக்கப்போவதையும் அது நன்றாகவே தீர்க்கும். நடந்து முடிந்துவிட்டதை அதனால் தீர்க்க முடியாது. ரத்துகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தபோது, ஒன்றுக்கு விடை கண்டுபிடிப்பதற்குள் அந்த விமானம் புறப்பட வேண்டிய நேரம் கடந்துவிடும். விடை வரும்போது கேள்வி பழசாகியிருக்கும். விமானிகளும் பணிப்பெண்களும் எங்கோ ஓர் ஊரில் இறங்கியிருப்பார்கள். பதிவில் வேறோர் ஊரில் இருப்பார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்வதற்காகவே அவர்கள் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை அழைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மறுமுனையில் இருந்தவர்கள் பெயர் பெயராகக் கேட்டு, கையால் எழுதிச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்து முடிப்பதற்குள் மறுபடி நிலைமை மாறும்.

கடைசியில் மீட்பு எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் மென்பொருளைச் சரிசெய்து மீட்கவில்லை. டிசம்பர் 27 முதல் 29 வரை வழக்கமான விமானங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டும் இயக்கி, மற்றதையெல்லாம் தாங்களே ரத்து செய்து, ஆட்களையும் விமானங்களையும் இருக்க வேண்டிய இடங்களுக்குக் கொண்டுசேர்த்தார்கள். 30-ஆம் தேதி முழு அட்டவணை திரும்பியது. பதிவை உலகத்துக்கு ஏற்பத் திருத்துவது முடியாமல் போகவே, உலகத்தைப் பதிவுக்கு ஏற்ப நகர்த்திவைத்தார்கள். 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அவதிப்பட்டது அதற்குக் கொடுத்த விலை.

அறிவைத் தரும் வழியை அளவை என்பது தமிழ் மரபு. எத்தனை அளவைகள் என்பதில் சமயத்துக்குச் சமயம் கணக்கு வேறுபடும். நியாயவாதிகளுக்கு நான்கு: காட்சி, அனுமானம், உவமை, சொல். மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து வரை அடுக்குகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார் நூலின் வாசலிலேயே இந்த விவாதத்தை எடுத்துக்கொண்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவை அடங்கும் என்று முடிக்கிறார். எண்ணிக்கையில் இவ்வளவு சண்டை இருந்தும், இந்தப் பட்டியல்கள் எதிலும் நினைவு தனியோர் அளவையாக இடம்பெறவில்லை என்பது எளிதில் கண்ணில் படாத செய்தி.

ஏன் இல்லை? ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் நியாயமஞ்சரி எழுதிய ஜயந்த பட்டர் சொல்லும் காரணம் கூர்மையானது. நினைவு தன் பொருளிலிருந்து பிறப்பதில்லை. ஒருவர் பானையைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைப் பிறப்பிப்பதில் பானைக்கும் பங்கு உண்டு. பிறகு அதை நினைக்கிறார். இடையில் பானை உடைந்து போயிருந்தாலும் நினைவு அதே மாதிரிதான் எழும். அதாவது, பானை இருப்பதற்கும் நினைவு எழுவதற்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை. மீமாம்சையில் பாட்டர்கள் வேறு வழியில் அதே முடிவுக்கு வருகிறார்கள்: அதுவரை அறியாததை அறிவிப்பதே அளவை, நினைவோ அறிந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது.

ஸ்கைசால்வரின் திரையில் நடந்தது இதுவேதான். ஒரு விமானி சிகாகோவில் இருப்பதாகப் பதிவு காட்டுகிறது. அவர் உண்மையில் அங்கே இருந்தாலும் அப்படித்தான் காட்டும். நேற்றே வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும். எழுத்தின் தெளிவிலோ நிறத்திலோ ஒரு வித்தியாசமும் இருக்காது. பழைய அமைப்புகளின் ஆபத்து அவை மறந்துவிடுவதில் இல்லை. காலாவதியானதையும் அதே உறுதியோடு நினைவில் வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

எதிர்க்கட்சியும் வலுவானது. சமணத் தர்க்கவாதிகள் நினைவை அளவையில் சேர்த்தார்கள். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிறோம் என்றால், புகை உள்ள இடத்தில் நெருப்பு இருந்ததை முன்பு கண்ட நினைவு வேண்டாமா? நினைவுக்கு மதிப்பில்லை என்றால் அதன் மேல் நிற்கும் அனுமானத்துக்கு மட்டும் எப்படி மதிப்பு வரும்? மத்துவரின் மரபும் நினைவை ஏற்கிறது: நேற்று இருந்ததை நேற்று இருந்ததாகவே காட்டினால், அதில் பொய் எங்கே? இரண்டு கட்சிக்கும் இடம் உண்டு. அமைப்பு விழுந்த இரவில் நியாயவாதியின் பேச்சைக் கேட்பது நல்லது. பதிவில் இருப்பது எதையும் இப்போதைய உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் காலையில் மறுகட்டுமானத்தைத் தொடங்கும்போது சமணர் சொல்வது பொருந்தும். தேதியோடு கூடிய பழைய பதிவு இல்லாமல் ஒரு கணக்கையும் ஊகித்து நிரப்ப முடியாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். பேக்கப்பை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்து, வாரக் கடைசியில் கணக்கு டேலி ஆகாமல் விழிப்பார்கள்.

பழைய டாஸ் மென்பொருளில் பில் போட்டுவந்த ஒரு மொத்த வியாபாரக் கடையின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள கணக்குப்பிள்ளை செய்யும் மூன்று வேலைகள் சித்தியாரின் மூன்று அளவைகளோடு அப்படியே பொருந்தும். கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணுகிறார், இது காண்டல். பேங்க் ஸ்டேட்மென்டையும் லாரி ரசீதுகளையும் பக்கத்தில் வைத்து, இந்தத் தொகை இந்தச் சரக்குக்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்று சேர்க்கிறார், இது கருதல். வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, உங்கள் கணக்கில் எங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்கிறார், தணிக்கையாளர்கள் கேட்பதுபோல எழுத்திலும் உறுதி வாங்குகிறார், இது உரை. மூன்றில் அவருக்கு அதிகம் சங்கடம் தருவது கடைசிதான். கடன் பட்டவரிடமே கடன் எவ்வளவு என்று கேட்பதில் கூச்சமும் பயமும் இருக்கும்.

உரையை அளவையாக ஏற்றவர்கள் இந்தப் பயத்தை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் யார் சொல்லும் உரையாகிவிடாது என்று வரம்பு கட்டினார்கள். சொல்பவர் விஷயத்தை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்லும் எண்ணமும் இருக்க வேண்டும். ஆப்தர் என்பது அப்படிப்பட்டவருக்குப் பெயர். ரிஷிகள் மட்டுமே அப்படி இருக்க முடியும் என்று நியாய மரபு சொல்லவில்லை. தன் விஷயம் தெரிந்த எந்தச் சாதாரண மனிதரும் ஆப்தராகலாம். டென்வர் ஓட்டல் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்த பணிப்பெண், தான் எங்கே இருக்கிறார் என்ற விஷயத்தில் உலகத்திலேயே சிறந்த ஆப்தர். அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அறிவு அந்தக் கம்பியின் நுனியில் வந்து நின்றது. வாங்கிக்கொள்ள ஆள் போதவில்லை. சவுத்வெஸ்ட்டின் தோல்வியை மென்பொருள் தோல்வி என்பதைவிட உரை நுழைய வழியில்லாமல் போன தோல்வி என்பதே சரி.

மறுகட்டுமானத்தில் இன்னும் நுட்பமான தொல்லை ஒன்று உண்டு: இல்லாமையை அறிவது. பேக்கப்பில் ஒரு பில் இல்லை. அதனால் அந்த விற்பனை நடக்கவில்லை என்று சொல்லலாமா? பாட்டரும் அத்வைதிகளும் காணாமையைத் தனி அளவையாகவே ஏற்றவர்கள். மேசையின் மேல் பானை இல்லை என்பதை அது தெரியாமல் இருப்பதைக் கொண்டே அறிகிறோம் என்பார்கள். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் மட்டுமே காணாமை செல்லும். இருட்டறையில் பானை தெரியவில்லை என்பது பானை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. விழுந்த அமைப்பு இருட்டறை. அதில் ஒன்று இல்லை என்பதைக் கொண்டு ஒன்றும் முடிவு செய்ய இயலாது. கடைசி பேக்கப் எடுத்த நிமிடம் வரையில்தான் அங்கே வெளிச்சம்.

இதுவரை சொன்னது, பதிவு வேறு, பதிவு குறிக்கும் பொருள் வேறு என்ற அடிப்படையில். வியாபாரத்தில் எல்லாமே அப்படி இல்லை. மூட்டையை எண்ணலாம், ஓட்டலில் இருக்கும் ஆளைக் கூப்பிடலாம். வங்கிக் கணக்கில் உள்ள இருப்பை எங்கே போய்ப் பார்ப்பது? பதிவுக்கு வெளியே அப்படி ஒரு பொருளே கிடையாது. விமானியின் தகுதியும் இதே வகைதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, பயணிகள் விமானம் ஓட்டும் விமானிக்குப் பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும். 672 மணி நேரத்துக்குள் 100 மணிக்கு மேல் அவர் பறக்கக் கூடாது. அமைப்பு விழுந்த அன்று விமானம் வாசலில் நிற்கிறது, பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள், விமானியும் சீருடையில் அங்கேயே இருக்கிறார். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் அவரை அந்த விமானத்தில் ஏற்ற முடியாது. அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறார் என்ற கணக்கோடு அவரை இணைத்து, ஏறலாம் என்று சொல்ல வேண்டிய பதிவில் தெளிவில்லை. ஒருவருக்கு விமானம் ஓட்ட இன்று தகுதி இருக்கிறதா என்பது பெரும்பாலும் பதிவிலேயே வாழும் உண்மை.

இந்த வகைப் பொருள்களுக்கு ஜயந்த பட்டரின் வாதம் அப்படியே செல்லாது. பானை உடைந்தாலும் நினைவு எழும் என்றார் அவர். இங்கே நினைவு உடைந்தால் பானையே போய்விடுகிறது. காண்டல் கைகொடுக்காது. மிஞ்சுவது சம்பந்தப்பட்டவர்களின் உரை, அதன்பின் அவர்களின் உடன்பாடு. வங்கியும் வாடிக்கையாளரும் தங்களிடம் உள்ள தாள்களை வைத்துப் பேசி ஓர் எண்ணுக்கு ஒப்புக்கொண்டால், அந்த எண்தான் இனி இருப்பு. இழந்ததை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக ஒன்றை நிலைநாட்டுகிறார்கள். மீட்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. எந்தத் தகவலுக்கு எந்த வேலை என்று முன்கூட்டியே பிரித்து வைக்காத நிறுவனம், எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்தில் பேரம் பேசும். பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் பழைய டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

தகவல் போனதைவிடத் தகவலின் பொருள் போனது பெரிய இழப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவூர் 1985-இல் எழுதிய கட்டுரையில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மென்பொருள் என்பது அதன் வரிகளும் அல்ல, கூடவே வரும் ஆவணங்களும் அல்ல. எதற்காக எது எப்படி அமைந்தது என்று எழுதியவர்கள் மனத்தில் இருக்கும் புரிதல்தான் மென்பொருள். அந்தக் குழு கலைந்தால் மென்பொருள் இறந்துவிடுகிறது, இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும்கூட. ஆவணத்தை மட்டும் வைத்து அந்தப் புரிதலை மீண்டும் எழுப்புவது இயலாத காரியம் என்பது அவர் தீர்ப்பு. கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். ஆனால் காம்ஏரின் 32,000 எல்லையைப் பார்த்தால் மறுக்க மனம் வருவதில்லை. அந்த அமைப்பு விழுந்தது 2004-இல் என்றாலும், நவூரின் கணக்கில் அது இறந்து வெகுநாளாகியிருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்து வேலையிழப்பு விண்ணப்பங்கள் குவிந்து நியூஜெர்சி மாநிலத்தின் பழைய கணினிகள் திணறியபோது, ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் (COBOL) என்ற கணினி மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று பொதுவில் கேட்டார். 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி அது. அவர் கேட்டது இயந்திரங்களை அல்ல, ஆட்களை.

அப்படியானால் குற்றம் யாருடையது? தெரியாமல் நடந்தது என்பது எல்லா நிறுவனங்களும் சொல்லும் விடை. இதைச் சோதிக்க மணிமேகலை உதவும். பத்து அளவைகளைச் சொன்ன கையோடு அளவைவாதி எட்டு வகை அறிவுப் பிழைகளையும் சொல்கிறான். கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது ஒன்று. நிற்பது மனிதனா மரமா என்று தவிப்பது ஒன்று. ஆராயாமல் மரத்தை மனிதன் என்றே முடிவு கட்டுவது இன்னொன்று. இவற்றோடு கண்டுணராமை என்ற ஒன்றும் உண்டு: புலி நெருங்கி வருவதைப் பார்த்தும் அது புலி என்று உணராமல் இருப்பது. அறியாமையிலிருந்து இதை ஏன் பிரித்தார்கள் என்பது இந்தச் சம்பவங்களில் நன்றாகத் தெரிகிறது. காம்ஏரில் எல்லையின் எண் யாருக்கும் தெரியாது, உண்மை. ஆனால் மென்பொருள் பழையது, மாற்ற வேண்டும் என்பது தெரியும். சவுத்வெஸ்ட்டில் பணியாளர் ஒதுக்கீட்டு முறை ஒரு நாள் கைவிடும் என்று விமானிகள் சங்கம் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்தது. சங்கத் தலைவர் 2023 பிப்ரவரியில் செனட் குழுவின் முன்னும் அதையே சொன்னார். புலியை எல்லோரும் பார்த்தார்கள். நேற்றும் அது பாயவில்லை, முந்தாநாளும் பாயவில்லை என்பதால் அது புலியாகத் தோன்றவில்லை. அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. கண்டுணராமைக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் போனது. நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டின் டிசம்பர் ஆனது. ஒழுங்காற்று அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். பதிவுகள் இடம் மாறின. அவற்றின் பொருளை அறிந்தவர்களின் சோதனை போதவில்லை.

சவுத்வெஸ்ட், ஸ்கைசால்வரைத் தூக்கி எறியவில்லை. 2023-இன் தொடக்கத்தில் அதைத் திருத்தி, நடந்து முடிந்த ரத்துகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி செய்தது. கடந்த காலம் என்று ஒன்று இருப்பதை மென்பொருள் அப்போதுதான் ஒப்புக்கொண்டது எனலாம். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிறுவனத்துக்கு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. மென்பொருள் பழையது என்பதற்காக அல்ல. தன் பணியாளர்கள் எங்கே என்று தெரியாமல் போனதற்காகவும் அல்ல. பயணிகள் அழைத்தபோது உதவப் போதிய ஆள் வைக்காததும், விமானம் ரத்தானதை அவர்களுக்கு உடனே சொல்லாததும், பணத்தைக் காலத்தில் திருப்பித் தராததுமே உத்தரவில் பதிவான குற்றங்கள்.